கிணத்து மேட்டுல 12 வருஷம் நிக்கப்போற கண்ட்ரோலர்: குவாண்டம் தாங்கற செக்யூரிட்டிக்கு எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

நொய்யல்கரை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல பம்ப்செட் கண்ட்ரோலர் பண்ற ஒரு சின்ன கம்பெனில ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) பாக்கறேன். எங்க டீம்ல மொத்தம் நாலே பேரு. பொருள் என்னன்னா, மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்துல ஒரு பொட்டி, உள்ளே 4ஜி மோடம், கார்டெக்ஸ் எம்4 சிப்பு, 1 எம்பி ஃபிளாஷ், 128 கேபி ரேம். விவசாயி வீட்ல இருந்தே போன்ல மோட்டார் போடலாம் நிறுத்தலாம், தண்ணி இல்லாம ஓடுனா தானா கட் ஆயிரும், வோல்டேஜ் ஏறி இறங்குனா மெசேஜ் வரும். சர்வரோட பேசறது எம்க்யூடிடில (சின்ன மெசேஜ் அனுப்பற முறை), அதுக்கு அடியில போற வழியை பூட்டற டிஎல்எஸ் 1.2. பூட் ஆகறப்போ ஃபர்ம்வேரோட டிஜிட்டல் கையெழுத்தை ஈசிடிஎஸ்ஏ பி-256ங்கற முறைல செக் பண்றோம், ஓடிஏ அப்டேட்டும் (தூரத்துல இருந்தே நெட்வொர்க் வழியா புது ஃபர்ம்வேர் இறக்கறது) இருக்குது.

போன மாசம் ஐரோப்பாவுல சொட்டுநீர் சிஸ்டம் விக்கற ஒருத்தரு எங்க பொட்டியை வாங்கலாம்னு பேசுனாரு. அவங்க அனுப்புன கேள்வித்தாள்ல 40 கேள்விக்கு மேல, அதுல ஆறு கேள்வி போஸ்ட்-குவாண்டம் பத்தி, அதாவது நாளைக்கு குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடையாத பூட்டு பத்தி. "உங்க பொருள்ல எந்தெந்த எடத்துல ஆர்எஸ்ஏ, ஈசிசி (இன்னிக்கு பரவலா இருக்கற சாவி, கையெழுத்து முறைகள்) இருக்கு, ஆயுள் எத்தன வருஷம், அல்காரிதத்தை ஃபீல்டுலயே மாத்த முடியுமா" இப்படி. எங்க முதலாளி "குவாண்டம் கம்ப்யூட்டரே இன்னும் வரலையேப்பா, வரட்டும் பாத்துக்கலாம்"ங்கறாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குது, 4000 பொட்டிக்கு மேல ஃபீல்டுல கெடக்குது, எல்லாத்தையும் கழட்டி மாத்தறதெல்லாம் நடக்கற காரியமில்லீங்க. ஆனா ஒரு தடவ கிணத்து மேட்டுல மாட்டுனா 10, 12 வருஷம் அங்கயேதான் நிக்கும், 2014ல மாட்டுன எங்க பழைய எஸ்எம்எஸ் மாடல் இன்னும் ஓடிட்டிருக்குது, அப்ப இன்னிக்கு மாட்டறது 2037 வரைக்கும் நிக்கும்ல? அதுதான் எனக்கு தூக்கம் வர மாட்டேங்குது.

என் கேள்வி இதுதானுங்க. சிப்பையே மாத்தணுமா? டிஎல்எஸ்ஸை மொதல்ல மாத்தறதா, இல்ல வேற எதாச்சும் மொதல்லயா? இந்த ஃபீல்டுல இறங்கி வேலை பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்க, கூகுள்ல வர்றதெல்லாம் பேங்குக்கும் சர்வருக்கும்தான் இருக்குது, எங்கள மாதிரி பொட்டி பண்றவங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல.

தாமரைக்குளம்

நண்பா, ரொம்ப பயப்படாதீங்க. ஏஇஎஸ்க்கு (ரெண்டு பக்கமும் ஒரே ரகசிய சாவி வச்சு பூட்டுற முறை) ஒண்ணும் ஆகாது, குரோவர்னு ஒரு குவாண்டம் அல்காரிதம் வச்சு 128 பிட் சாவியை பாதியாக்கிடலாம்னு பேப்பர்ல சொல்றாங்களே தவிர நடைமுறையில அது ஓடுறதுக்கு ஆகுற நேரத்துக்கு பிரயோஜனம் இல்ல, அமெரிக்காவோட ஸ்டாண்டர்டு அமைப்பு நிஸ்ட்டே ஏஇஎஸ்-128 போதும்னுதான் சொல்லுது. அடி வாங்குறது ஷோர்ங்கிற இன்னொரு குவாண்டம் அல்காரிதத்தால, அது 1994ல வந்தது, ஆர்எஸ்ஏ, ஈசிடிஎஸ்ஏ, டிஃபி-ஹெல்மன் எல்லாமே அதுல போயிடும். உங்க மோட்டார் ஆன் ஆஃப் டேட்டாவை இன்னிக்கு யாரோ ரெக்கார்ட் பண்ணி வச்சு 2037ல பிரிச்சுப் படிச்சா அவங்களுக்கு என்ன கிடைக்கப் போகுது? அதனால டிஎல்எஸ் லைப்ரரில அப்டேட் வரட்டும், அப்ப மாத்திக்கலாம். என் கருத்து.

மாடிவீட்டுமல்லி

தாமரைக்குளம் சொன்ன முதல் பாதி சரி, ஆனா முடிவு சரியில்ல, கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நாங்க இதே தப்பை ஒரு வருஷம் பண்ணோம். நான் சென்னைல எனர்ஜி மீட்டர் பக்கம் எம்பெடட் செக்யூரிட்டில இருக்கேன், நாங்களும் டிஎல்எஸ்ல இருந்துதான் ஆரம்பிச்சோம், எல்லாரும் அதைத்தானே பேசுறாங்க. ஒரு வருஷம் கழிச்சுதான் உறைச்சது, டிஎல்எஸ் நாளைக்கே ஓடிஏல மாத்திக்கலாம், ஆனா அந்த ஓடிஏவை "இது நம்ம கம்பெனி ஃபர்ம்வேர்தான்"னு நம்புறதுக்கு பூட்லோடர்ல (பொட்டி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற கோடு) உக்காந்திருக்கிற ஒரு பப்ளிக் கீ (கையெழுத்தை சரிபாக்குற சாவி) இருக்கே, அதை மாத்த முடியாது. ஓடிபில (ஒரு தடவை மட்டுமே எழுத முடியுற மெமரி) எரிச்சாச்சு, பூட்லோடர் ஏரியாவை ரைட் புரொடெக்ட் பண்ணியாச்சு. 2035லயோ அதுக்கு முன்னாலயோ ஒருத்தன் அந்த பி-256 பப்ளிக் கீல இருந்து கையெழுத்து போடுற பிரைவேட் கீயை எடுத்துட்டான்னா அவன் உங்க பேர்ல ஃபர்ம்வேர் சைன் பண்ணி எல்லா பொட்டிலயும் இறக்கலாம். அவனுக்கு பழைய ரெக்கார்டிங் எதுவும் வேணாம், ஒரே ஒரு பொட்டியை சந்தையில வாங்கி கீயை படிச்சா போதும்.

நொய்யல்கரை, உங்க பொருள்ல அது எவ்வளவு பெரிய விஷயம்னு நீங்களே யோசிங்க. தமிழ்நாட்டுல மட்டும் விவசாய பம்ப்செட் கனெக்‌ஷன் 20 லட்சத்துக்கு மேல இருக்கு. அதுல ஒரு பங்குல இந்த மாதிரி பொட்டி இருந்து, அத்தனையும் ஒரே நொடியில மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுச்சுன்னா? ஸ்டார்ட் ஆகுற நேரத்துல மோட்டார் ஆறு ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும், ஃபீடர் தாங்காது. அதே பொட்டி தண்ணியில்லாம ஓடுனா நிறுத்துற வேலையை செய்யாம விட்டா ஒரே ராத்திரில எத்தனை மோட்டார் காயில் கருகும்! ரகசியம் வெளிய போறதை விட, பொட்டி யார் பேச்சை கேக்குதுங்கிறதுதான் உங்க வீட்டு பிரச்சனை.

அதனால என் வரிசை இது: மொதல்ல பூட்டும் ஃபர்ம்வேர் கையெழுத்தும், அப்புறம் பொட்டிக்குள்ள இருக்கிற நீண்ட ஆயுள் சாவிகள், அப்புறம் டிஎல்எஸ். அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏ 2022 செப்டம்பர்ல போட்ட சிஎன்எஸ்ஏ 2.0ங்கிற விதித்தொகுப்புலயும் சாஃப்ட்வேர், ஃபர்ம்வேர் கையெழுத்தைத்தான் உடனே ஆரம்பிங்கன்னு முதல்ல வச்சிருக்காங்க. அதுக்கு காரணம் நான் மேல சொன்னதுதான், ரோம்ல (மாத்த முடியாத மெமரில) போற விஷயம் ரோம்லயே நின்னுடும்.

இப்ப எதை போடறது. நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13ல மூணு ஸ்டாண்டர்டு வெளியிட்டாங்க, ஃபிப்ஸ் 203 எம்எல்-கெம், அது கீ பரிமாற்றத்துக்கு, ஃபிப்ஸ் 204 எம்எல்-டிஎஸ்ஏ, ஃபிப்ஸ் 205 எஸ்எல்எச்-டிஎஸ்ஏ, இது ரெண்டும் கையெழுத்துக்கு. இதுக்கு முன்னாடியே 2020ல எஸ்பி 800-208னு எல்எம்எஸ், எக்ஸ்எம்எஸ்எஸ்னு ரெண்டு கையெழுத்து முறையை ஒத்துக்கிட்டாங்க, ஒரே தடவை பயன்படுற சாவிகளை மரத்து இலை மாதிரி அடுக்கி வச்சது ரெண்டும். பூட்லோடருக்கு எனக்கு பிடிச்சது எல்எம்எஸ். அதுக்குள்ள எஸ்எச்ஏ-256 (எந்த ஃபைலையும் 32 பைட் கைரேகையா சுருக்குற ஹேஷ் கணக்கு) தவிர வேற கணக்கே இல்ல, அது உங்க பூட்லோடர்ல ஏற்கனவே இருக்கும். பப்ளிக் கீ 56 பைட். மரத்தோட உயரம் 10, டபிள்யூங்கிற செட்டிங் 8 வச்சா கையெழுத்து 1452 பைட், ஒரு கீ வச்சு 1024 தடவை சைன் பண்ணலாம். உயரம் 15ன்னா 1612 பைட், 32,768 தடவை. வருஷத்துக்கு நாலு ரிலீஸ் போடுற நமக்கு 1024ஏ தாராளம். வெரிஃபை பண்ண சில ஆயிரம் தடவை எஸ்எச்ஏ ஓடணும், ஒவ்வொரு தடவையும் உள்ளே போறது 55 பைட், எஸ்எச்ஏ-256 ஒரு பிளாக்குல கச்சிதமா உக்காரும். அதை அப்படி யோசிச்சு வடிவமைச்சவங்களை நினைச்சா எனக்கு சந்தோஷமா இருக்கும். எம்4ல ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும்.

எம்எல்-டிஎஸ்ஏ 44ல பப்ளிக் கீ 1312 பைட், கையெழுத்து 2420. 65ன்னா 1952ம் 3309ம். உங்க ஈசிடிஎஸ்ஏ கையெழுத்து 64 பைட்தான், அதோட ஒப்பிட்டா பூதம் மாதிரி தெரியும். ஆனா 400 கேபி ஃபர்ம்வேருக்கு பக்கத்துல 3 கேபி ஒரு பொருட்டே இல்ல. பப்ளிக் கீயை முழுசா ஓடிபில எரிக்க இடம் பத்தாதுன்னா கீயோட ஹேஷ் 32 பைட்டை மட்டும் எரிச்சிட்டு, கீயை இமேஜோட சேர்த்து அனுப்புங்க.

உங்க முதலாளிக்கு சொல்ல ஒரு கணக்கு, மைக்கேல் மோஸ்காங்கிறவர் சொன்னது. பொருள் எத்தனை வருஷம் பாதுகாப்பா இருக்கணும், அதை மாத்தி முடிக்க எத்தனை வருஷம் ஆகும், ரெண்டையும் கூட்டுங்க. குவாண்டம் மெஷின் வர ஆகுற வருஷத்தை விட அது பெருசுன்னா ஏற்கனவே லேட். உங்களுக்கு 12 வருஷ ஆயுள், புது டிசைன் எடுத்து டெஸ்ட் பண்ணி மார்க்கெட்டுக்கு வர 2 வருஷம், கூட்டுனா 14. மெஷின் எப்ப வரும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது, ஆனா திசை தெரியுது. 2019ல கிரெய்க் கிட்னி, எகெராங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குல ஆர்எஸ்ஏ-2048ஐ உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் மெஷினோட அடிப்படை அலகு) வேணும்னு இருந்துச்சு, 2025 மே மாசம் அதே கிட்னி 10 லட்சத்துக்கும் கம்மியான க்யூபிட் வச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிக்கலாம்னு காட்டிட்டாரு. மெஷின் வளர்றது ஒரு பக்கம், தேவையே 20 மடங்கு குறைஞ்சிருச்சு. நிஸ்ட்டோட வரைவு ஐஆர் 8547ல ஆர்எஸ்ஏ-2048, பி-256 வகையறாவை 2035க்கு அப்புறம் கூடாதுன்னே போட்டிருக்காங்க. உங்க பொட்டி அப்ப கிணத்து மேட்டுல உயிரோட இருக்கும்.

கருப்பட்டி_காபி

மல்லி அக்கா சொன்னது எல்லாம் சரிதான், ஆனா எல்எம்எஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது என் வாயால சொல்லியே ஆகணும். எல்எம்எஸ்ங்கிறது ஸ்டேட் வச்சிருக்கிற கையெழுத்து. ஒவ்வொரு தடவை சைன் பண்ணும்போதும் மரத்துல ஒரு இலை செலவாகும், அந்த இலையை திரும்ப எடுக்கவே கூடாது. ஒரே இலையால ரெண்டு வேற வேற ஃபைலை சைன் பண்ணிட்டீங்கன்னா பாக்கறவன் ரெண்டையும் சேர்த்து வச்சு புதுசா ஒரு கள்ளக் கையெழுத்து உருவாக்க வழி திறந்துடும்.

எங்க பழைய கம்பெனில நடந்தது. டிரையல்தான், நல்லவேளை எதுவும் ஃபீல்டுக்கு போகல. சைன் பண்ற ஸ்கிரிப்டை பில்ட் சர்வர்ல ஒரு விர்ச்சுவல் மெஷின்ல வச்சிருந்தோம், எத்தனாவது இலைன்னு எண்ற கவுண்டர் ஒரு ஃபைல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க் கோளாறு ஆகி சிஸ்டம் அட்மின் புதன்கிழமை ஸ்னாப்ஷாட்டை ரெஸ்டோர் பண்ணிட்டாரு, அவர் மேல தப்பே இல்ல, அவர் வேலையை அவர் ஒழுங்கா செஞ்சாரு. ஆனா கவுண்டர் 17ல இருந்து 14க்கு திரும்பிருச்சு. திங்கக்கிழமை நான் வந்து சைன் பண்ணேன், எல்லாம் பச்சையா ஓடுச்சு, எந்த எர்ரரும் இல்ல, பொட்டி சமத்தா பூட் ஆச்சு. மூணு வாரம் கழிச்சு ரெண்டு ரிலீஸ் ஃபைலோட ஹெடரை யதேச்சையா பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தப்பதான் இலை நம்பர் ரெண்டுலயும் 15ன்னு இருந்துச்சு. அன்னிக்கு எனக்கு வயித்தை கலக்குனது இன்னும் ஞாபகம் இருக்கு. தப்பு நடந்தா சத்தமே வராது, அதுதான் இதுல கொடுமை.

அதனாலதான் எஸ்பி 800-208ல கீயை ஹார்டுவேர் மாட்யூலுக்குள்ளயே உருவாக்கணும், வெளிய எடுக்கக் கூடாதுன்னு கறாரா போட்டிருக்காங்க. அப்ப பேக்கப் எப்படின்னா, ஆரம்பத்துலயே மரத்தை ரெண்டு மாட்யூலுக்கு பிரிச்சு குடுத்துடணும், ஒண்ணு செத்தா இன்னொண்ணுல இருக்கிற வேற இலைகள் இருக்கும், அதே இலை ரெண்டு இடத்துல இருக்கவே கூடாது. நாலு பேர் இருக்கிற டீமுக்கு இந்த ஒழுக்கம் முடியுமான்னு நேர்மையா யோசிங்க. முடியாதுன்னா எஸ்எல்எச்-டிஎஸ்ஏ எடுங்க, அதுவும் ஹேஷ்தான், ஸ்டேட் கிடையாது, பப்ளிக் கீ 32 பைட்தான், கையெழுத்து சின்ன வகையில 7856 பைட். சைன் பண்ண நேரம் எடுக்கும், ஆனா சைன் பண்றது உங்க ஆபீஸ்ல, காத்திருக்கலாம். 8 கேபிக்காக ராத்திரி தூக்கத்தை தொலைக்க வேணாம்ங்கிறது என் அனுபவம்.

மாடிவீட்டுமல்லி

@கருப்பட்டி_காபி இதை எழுதுனதுக்கு ரொம்ப நன்றி, நான் இதை ஒரு வரிலயாவது சொல்லியிருக்கணும். ஹெச்எஸ்எம் (நீங்க சொன்ன அந்த ஹார்டுவேர் மாட்யூல்) இல்லாத டீமுக்கு எஸ்எல்எச்-டிஎஸ்ஏ இல்ல எம்எல்-டிஎஸ்ஏதான்னு நானும் ஒத்துக்கறேன். ஜெர்மனியோட சைபர் செக்யூரிட்டி அமைப்பு பிஎஸ்ஐ வேற, ஹேஷ் கையெழுத்தை தனியாவே நம்பலாம், மத்த புது அல்காரிதத்தை பழசோட சேர்த்து ஹைப்ரிடாத்தான் போடணும்னு சொல்றாங்க. ஐரோப்பா கஸ்டமர்ங்கிறதால இது உங்களுக்கு உதவும்.

வைகைமணல்

எங்களது லோரா (கம்மி கரண்டுல ரொம்ப தூரம் போற ரேடியோ). மதுரை பக்கம் தண்ணித் தொட்டி லெவல் சென்சார், பேட்டரில 7 வருஷம் ஓடணும். இந்த த்ரெட்டை பாத்துட்டு நம்ம பக்கத்தையும் சொல்லலாம்னு தோணுச்சு. லோராவான்ல (லோரா மேல ஓடுற நெட்வொர்க் முறை) தூரமா இருக்கிற டிவைஸுக்கு ஒரு பாக்கெட்டுல 51 பைட்தான் போகும். அதுல 2420 பைட் கையெழுத்தா, 1184 பைட் எம்எல்-கெம் கீயா, சான்ஸே இல்லன்னு நானும் கையை விரிச்சிருந்தேன். அப்புறம் உக்காந்து யோசிச்சப்பதான் தெரிஞ்சுது, லோராவான்ல ஹேண்ட்ஷேக்குல பப்ளிக் கீயே கிடையாது, ஃபேக்டரில போடுற ஏஇஎஸ்-128 ஆப்கீங்கிற ரகசிய சாவிதான் எல்லாத்துக்கும் வேர். அது குவாண்டத்துக்கு அசையாது. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு மட்டும்தான் கையெழுத்து, அதுவும் எல்எம்எஸ் 1452 பைட்னா கிட்டத்தட்ட 30 பாக்கெட், ஃபர்ம்வேரே ரெண்டாயிரம் பாக்கெட்டுக்கு மேல வருது, அதோட இதுவும் வந்துட்டு போகட்டும்.

ஓட்டை வேற இடத்துல இருந்துச்சு, அதை சொல்லத்தான் வந்தேன். ஆப்கீ லிஸ்ட்டை, ஆயிரக்கணக்கான டிவைஸோட சாவியை, நாங்க நெட்வொர்க் பாக்கற பார்ட்டிக்கு மெயில்ல அனுப்பிட்டு இருந்தோம். சும்மா இல்ல, பிஜிபி (மெயிலை பூட்டுற சாஃப்ட்வேர்) போட்டு ஆர்எஸ்ஏ-2048ல பூட்டித்தான் அனுப்புனோம், ரொம்ப பத்திரம்னு நினைச்சோம். அந்த மெயில் இன்னிக்கும் ரெண்டு மூணு சர்வர்ல கெடக்கு. டிவைஸுக்குள்ள இருக்கிற சாவி குவாண்டம் தாங்கும், ஆனா அது போன கவர் தாங்காது. தாமரைக்குளம் "டேட்டாவை பிரிச்சா என்ன கிடைக்கும்"னு கேட்டாருல்ல, அது சாதாரண டேட்டாவுக்கு சரி. அதே குழாய் வழியா நீண்ட நாள் சாவி ஒண்ணு போச்சுன்னா கதை மாறிடும். இப்ப நாங்க லிஸ்ட்டை மெயில்ல அனுப்புறதில்ல, ஆள் நேர்ல கொண்டு போறாரு, மதுரைல இருந்து பஸ்ல.

தாமரைக்குளம்

@வைகைமணல் இதை நான் யோசிக்கவே இல்ல, ஒத்துக்கறேன். எங்க கேட்வேயும் முதல் தடவை ஆன் ஆகும்போது டிஎல்எஸ் வழியா ஒரு பிஎஸ்கேவை (ரெண்டு பக்கமும் பகிர்ந்துக்குற ரகசிய சாவி) வாங்கி வாழ்நாள் பூரா அதையேதான் வச்சிருக்கு. முதல் கனெக்‌ஷனை யாராவது பிடிச்சு வச்சிருந்தா அவ்வளவுதான். இன்னிக்கே டிக்கெட் போடறேன்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பேரு நேரம் ஒதுக்கி எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. ரெண்டு நாளு ஆபீஸ்ல இதே வேலையா போர்டையும் கோடையும் கிண்டிப் பாத்தேன். பாத்ததை அப்படியே எழுதறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

மொத விஷயம் என் நெஞ்சுல குத்துனது. பூட்லோடர்ல இமேஜ் ஹெடருக்கு (ஃபர்ம்வேர் ஃபைலோட முன்பக்க விவரம்) ஒரு ஸ்ட்ரக்ட் இருக்குது, நாலு வருஷம் முன்னால நான் எழுதுனதுதான். அதுல கையெழுத்துக்கு 64 பைட்னு நேரா அடிச்சு வச்சிருக்கறேன். எந்த அல்காரிதம்னு சொல்ல ஒரு பைட் கூட இல்ல, நீளம் சொல்ல ஃபீல்டு இல்ல, எந்த கீன்னு நம்பர் இல்ல. அன்னிக்கு ஒரே அல்காரிதம்தானேன்னு இருந்துட்டேன். நாலு பைட் விட்டிருந்தா இன்னிக்கு பாதி வேலை மிச்சம்ங்க.

ரெண்டாவது, பூட்லோடருக்கு ஒதுக்குனது 32 கேபி, அதுல 27 போயிருக்குது. எல்எம்எஸ் வெரிஃபை கோடை மட்டும் எடுத்து கம்பைல் பண்ணி பாத்தேன், எஸ்எச்ஏ ஏற்கனவே இருக்கறதால 4 கேபிக்குள்ள அடங்குது. எஸ்எல்எச்-டிஎஸ்ஏவும் உக்காரும்னு தோணுது, இன்னும் முயற்சி பண்ணல. எம்எல்-டிஎஸ்ஏ உக்காரல. சிப்பை மாத்த வேண்டியதில்லைங்கறதே பெரிய நிம்மதி.

மூணாவது டிஎல்எஸ். நாங்க ரேமை மிச்சம் புடிக்க டிஎல்எஸ் ரிசீவ் பஃபரை 16 கேபில இருந்து 4 கேபிக்கு கொறைச்சு வச்சிருக்கறோம். இன்னைக்கு இருக்கற ஈசிசி சர்டிஃபிகேட்டுக்கு அது போதும். எம்எல்-டிஎஸ்ஏ 65 சர்டிஃபிகேட் வந்தா ஒவ்வொண்ணுலயும் கீயும் கையெழுத்தும் சேர்ந்து 5 கேபி தாண்டுது, அப்ப கனெக்‌ஷனே ஆகாதுங்க. அதுபோக எம்எல்-கெம்மை டிஎல்எஸ் 1.2ல கொண்டு வரப்போறதில்லையாமே, 1.3 போயே ஆகணுமாம். பழைய முறை எக்ஸ்25519 கூட எம்எல்-கெம் 768 சேர்த்து போடற ஹைப்ரிடுக்கு போற வழி 1184, வர்ற வழி 1088, ஒரு ஹேண்ட்ஷேக்குக்கு 2272 பைட் கூட ஆவுது. நாளைக்கு 20 தடவ கனெக்ட் ஆனாலும் மாசத்துக்கு ஒண்ணரை எம்பிக்குள்ளதான், சிம் பிளான் தாங்கும். நான் பயந்தது அதைத்தான், ஆனா பிரச்சனை டேட்டாவுல இல்ல ரேம்லதான்.

நாலாவது யாரும் கேக்காத ஒண்ணு. மோடத்துக்குள்ள தனியா ஒரு ஃபர்ம்வேர் ஓடுது, அதுக்கும் ஓடிஏ இருக்குது, அதை எந்த கீல செக் பண்றாங்கன்னு சப்ளையர்கிட்ட கேட்டேன். மூணு மெயில் போட்டும் பதில் இல்ல, "டேட்டாஷீட்டை பாருங்க"ன்னு ஒரு வரி வந்துது. டேட்டாஷீட்ல அது இல்ல. நம்ம பொட்டியை என்னதான் பூட்டுனாலும் பக்கத்துல ஒரு கதவு யாரு கையிலயோ இருக்குதுங்களே.

இப்ப எனக்கு மிஞ்சியிருக்கற கேள்வி ஃபீல்டுல கெடக்கற 4000 பொட்டி. பூட்லோடரை ரைட் புரொடெக்ட் பண்ணித்தான் வச்சிருக்கறோம், ஆனா எங்க சிப்புல அந்த லாக்கை சாஃப்ட்வேர்லயே எடுக்கலாம், நிரந்தரமா எரிக்கல. பூட்லோடரையே ஓடிஏல மாத்தறதா? பாதில கரண்ட் போனா பொட்டி செங்கல்தான். நம்ம தோட்டத்துல மூணு ஃபேஸ் எப்ப வரும் எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும்.

மாடிவீட்டுமல்லி

நொய்யல்கரை, இது ஒரு கேள்வித்தாளுக்கு பதிலா இல்லாம உண்மையிலேயே உள்ள இறங்கி பாத்திருக்கீங்க, மனசுக்கு நிறைவா இருக்கு.

பழைய பொட்டிக்கு: முதல் பூட்லோடரை தொடாதீங்க. அதுக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவுல ரெண்டாவது கட்ட பூட்லோடர் ஒண்ணை நுழைங்க, 1 எம்பி ஃபிளாஷ்ல 32 கேபி கிடைக்கும். பழைய பூட்லோடருக்கு அது சாதாரண அப்ளிகேஷன் மாதிரித்தான் தெரியும், ஈசிடிஎஸ்ஏல சைன் பண்ணி இறக்குங்க. ரெண்டாவது கட்டம் இனிமே வர்ற எல்லா ஃபர்ம்வேரையும் புது கையெழுத்துல செக் பண்ணும். பழைய கீ நம்பகமா இருக்கிற காலத்துலயே புது கீயை உள்ள இறக்கணும், அது உடைஞ்ச பிறகு இறக்குனா எது நம்மது எது கள்ளன்து பொட்டிக்கு தெரியாது. கரண்ட் விஷயத்துக்கு, புதுசை முழுசா வேற ஸ்லாட்ல எழுதி ஹேஷ் பாத்துட்டு, கடைசில ஒரே ஒரு வேர்டை மாத்தி கைமாத்துங்க, பாதில போனா பழசுலயே எந்திரிக்கும். முதல் கட்டம் ஈசிடிஎஸ்ஏ தானே இன்னும்னு கேப்பீங்க. ஆமா. அதனால ரெண்டாவது கட்டம் எந்திரிச்சதும் தன் ஏரியாவையும் முதல் கட்டத்தையும் சேர்த்து லாக் பண்ணி, இனி நெட்வொர்க் வழியா வர்ற எதுவும் முதல் கட்டத்து வாசலுக்கே போகாம பாத்துக்கணும். கையில பொட்டியை வச்சிருக்கிறவனை இது தடுக்காது, ஆனா 4000 பொட்டியை ஒரே நேரத்துல தூரத்துல இருந்து பிடிக்கிறவனை தடுக்கும். உங்களுக்கு பெரிய பயம் அவன்தான்.

அல்காரிதம் ஃபீல்டு விட்டிருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு எஸ்டோனியா கதையை சொல்றேன். 2017ல அவங்க அடையாள அட்டைல இருந்த சிப்போட ஆர்எஸ்ஏ கீ உருவாக்குற லைப்ரரில ரோக்கான்னு ஒரு ஓட்டை வந்துச்சு, கண்டுபிடிச்சது செக் நாட்டு மசாரிக் யுனிவர்சிட்டி ஆளுங்க. ஏழரை லட்சம் அட்டை. நாட்டுல பேங்க், மருந்துச் சீட்டு, ஓட்டு எல்லாமே அதுல. ஆனா அதே சிப்புல எலிப்டிக் கர்வும் இருந்துச்சு, அதனால ஜனங்க வீட்டுல இருந்தே ஆன்லைன்ல அட்டையை அப்டேட் பண்ணி ஆர்எஸ்ஏல இருந்து அதுக்கு மாறுனாங்க. நவம்பர்ல பழைய சர்டிஃபிகேட்டை நிறுத்துனாங்க. அட்டையை அச்சடிச்சு திரும்ப குடுக்கணும்னு இருந்திருந்தா எவ்வளவு நாள் ஆகியிருக்கும்!

இதை ஏன் சொல்றேன்னா, இப்ப நாம போடுற புது அல்காரிதமும் நிலைக்கும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது. 2022ல ரெயின்போங்கிற போஸ்ட்-குவாண்டம் கையெழுத்தை வார்டு பொய்லன்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் ஒரு லேப்டாப்ல ஒரு வீக்கெண்டுல உடைச்சாரு, அது நிஸ்ட் போட்டியோட மூணாவது சுத்து வரைக்கும் வந்தது. அதே வருஷம் சைக்ங்கிற போஸ்ட்-குவாண்டம் கீ பரிமாற்ற முறையை காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் ஒரே ஒரு கோர்ல ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. அதனால புது ஹெடர்ல அல்காரிதம் ஐடி, கீ ஐடி, நீளம் மூணும் வைங்க, ரெண்டு கையெழுத்து ஒட்ட இடம் விடுங்க, கையெழுத்துக்கு ஒதுக்குற இடம் 10 கேபி வரைக்கும் வளர விடுங்க. ஆனா பொட்டி எந்த அல்காரிதத்தை ஏத்துக்கும்ங்கிற லிஸ்ட் பொட்டிக்குள்ள இருக்கணும், ஹெடர் சொல்றதை நம்பக்கூடாது. இல்லன்னா வர்றவன் "நான் பழைய ஈசிடிஎஸ்ஏ"ன்னு சொல்லிட்டு உள்ள வந்துடுவான்.

கஸ்டமருக்கு: ஐரோப்பாவோட சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்ல போஸ்ட்-குவாண்டம்னு பேர் சொல்லி எதுவும் இல்ல, ஆனா 2027 டிசம்பர் 11ல இருந்து முழுசா அமலுக்கு வருது, பொதுவா குறைஞ்சது 5 வருஷம் செக்யூரிட்டி அப்டேட் குடுக்கணும், ஓட்டையை யாராவது பயன்படுத்துறது தெரிஞ்சா 24 மணி நேரத்துல சொல்லணும், அந்த பகுதி 2026 செப்டம்பர் 11லயே ஆரம்பிக்குது. அவங்க ஆறு கேள்விக்கும் நீங்க மேல எழுதுனதையே அட்டவணையா போட்டு அனுப்புங்க. எந்த இடத்துல எந்த அல்காரிதம், யார் கீ வச்சிருக்காங்க, ஃபீல்டுல மாத்த முடியுமா முடியாதா, எப்ப மாத்துவோம். மோடம் பத்தி பதில் வரலன்னும் அப்படியே எழுதுங்க, மறைக்காதீங்க. அடுத்த பர்ச்சேஸ் ஆர்டர்ல அந்த கேள்வியை ஒரு நிபந்தனையா போட்டா பதில் வரும், எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு.

நொய்யல்கரை

புரிஞ்சுதுங்க அக்கா. அடுத்த லாட் போர்டு ஆர்டர் போக இன்னும் ஆறு வாரம் இருக்குது, அதுக்குள்ள ஹெடரை மாத்திடறேன். எஸ்எல்எச்-டிஎஸ்ஏதான்னு முடிவு பண்ணிட்டோம், எங்ககிட்ட ஹெச்எஸ்எம் இல்ல, கருப்பட்டி அண்ணன் கதையை படிச்சதுக்கு அப்புறம் கவுண்டரை ஃபைல்ல வைக்க மனசு வரல. முதலாளிகிட்ட 12 கூட்டல் 2 கணக்கை போர்டுல எழுதி காமிச்சேன், கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு "பழைய பொட்டிக்கும் அந்த ரெண்டாவது பூட்லோடர் வருமா"ன்னு கேட்டாரு. ஆபீஸ் பெஞ்சுல பத்து பொட்டியை மாட்டி, அப்டேட் ஓடறப்போ ரிலேவால கரண்டை கண்ட நேரத்துல புடுங்கி விட்டுட்டிருக்கறேன். இப்ப வரைக்கும் 300 தடவ ஆச்சு, ஒண்ணு மட்டும் எந்திரிக்கல, அதை கழட்டி பாத்துட்டு இங்கயே வந்து எழுதறேன்.